விரலில் பட்ட பந்து

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடற்கல்வி ஆசிரியர் வேலையில் சேர்ந்த முதல் வருஷமே மாணவிகள் வாலிபால் அணியைக் குறுவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போகிறாய் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். சர்வீஸுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, பிளாக்குக்குக் குதிக்கும் நேரத்தை எப்படிப் பழக்குவது என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். அதெல்லாம் நீ ஆடிக் கற்றவன், உனக்கே கைவரும். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். போன வருஷம் இந்த அணி அம்பயரோடு சண்டை போட்டு மேட்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததாம், இந்த வருஷம் பிள்ளைகளை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று. நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காகத்தான்.

கட்டுப்படுத்துகிற யோசனையை விட்டுவிடு. போட்டி அன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்து, "ஒழுங்கா நடந்துக்கணும், பள்ளிக்கூடத்து மானத்தை வாங்கிடாதீங்க" என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. நேர்மையாக ஆடுவதும் பயிற்சியில் வருவதுதான். சாயங்காலம் பழகாத எதுவும் ஸ்கோர் 23-23 என்று நிற்கும்போது கைகொடுக்காது.

ஒரே ஒரு பாயிண்ட்டை எடுத்துக்கொள். எதிரணிப் பிள்ளை ஸ்மாஷ் அடிக்கிறாள். உன் பிள்ளை பிளாக்குக்குக் குதிக்கிறாள். பந்து அவள் சுண்டுவிரல் நகத்தை உரசிக்கொண்டு போய், பின்கோட்டுக்கு ஒரு முழம் வெளியே விழுகிறது. விரலில் பட்டிருந்தால் பாயிண்ட் அவர்களுக்கு, படவில்லை என்றால் நமக்கு. டிவியில் பார்க்கிற சர்வதேச மேட்சில் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கக் கேமரா உண்டு. நம் குறுவட்டத்தில் ஸ்டாண்டு மேல் நிற்கிற ரெஃபரி இன்னொரு பள்ளியின் பி.இ.டி. சார். காலையிலிருந்து விடாமல் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார், மூஞ்சிக்கு நேரே வெயில். மூலையில் கொடி பிடித்து நிற்பவன் போட்டியை நடத்துகிற பள்ளியின் பத்தாம் வகுப்புப் பையன். பந்து பட்டது நிச்சயமாகத் தெரிந்தவள் அந்த மைதானத்திலேயே ஒருத்திதான்.

அவள் என்ன செய்வாள்? பெரும்பாலும் விரல்களை மடக்கிக்கொள்வாள். பக்கத்தில் நிற்பவள் "அவுட், அவுட்" என்று கத்துவாள். பெஞ்சில் இருப்பவர்களும் சேர்ந்து கத்துவார்கள். இதை அந்தப் பிள்ளைகள் பிறக்கும்போதே கொண்டுவரவில்லை. லைனுக்கு வெளியே நின்று நாம் கத்துவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே பயிற்சியில் நீ விசிலைக் கொஞ்சநாள் பைக்குள் போட்டுவை. அம்பயர் இல்லாமல் ஆட விடு. டச் ஆனால் பட்டவளே கை தூக்க வேண்டும், நெட்டில் பட்டால் பட்டவளே சொல்ல வேண்டும். முதல் சில நாள் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் எல்லாரும் உன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீ ஒன்றும் சொல்லாதே. ஒருத்தி கை தூக்கிப் பாயிண்ட்டை விட்டுக்கொடுத்தால் அதற்காக ஆகா ஓகோ என்று புகழவும் வேண்டாம். சரியான இடத்தில் நின்று பந்தை எடுத்தால் என்ன சொல்வாயோ அதைச் சொல்லிவிட்டு அடுத்த சர்வீஸுக்குப் போ. அதைவிட முக்கியம், கூட ஆடுகிற ஐந்து பேர். கை தூக்கியவளுக்கு வசவு எதிரணியிடமிருந்து வராது, தன் அணியிடமிருந்து வரும், திரும்புகிற பஸ்ஸில் வரும். அதனால் கேப்டனுக்கு ஒரு வேலை கொடு. யார் கை தூக்கினாலும் முதலில் போய் அவள் தோளைத் தட்டுவது கேப்டன்தான். அவள் தட்டிவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு போட்டியில் இதை நான் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது செட், முடிகிற கட்டம். பிளாக்குக்குக் குதித்த ஒரு பிள்ளையின் விரலை உரசிக்கொண்டு பந்து வெளியே போயிற்று. ரெஃபரி அவுட் என்று கை காட்டி, பாயிண்ட்டை அந்தப் பிள்ளையின் அணிக்கே கொடுத்துவிட்டார். அவள் நெட்டுக்கு முன்னாலேயே நின்று வலது கையைத் தூக்கி, விரலைக் காட்டி, "சார், டச்" என்றாள். ரெஃபரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு முடிவை மாற்றினார். அந்த செட்டும் போயிற்று, மேட்சும் போயிற்று. கைதட்டல் ஒன்றும் இல்லை. முடிந்து கை குலுக்கும்போது எதிரணிச் செட்டர் இவள் கையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் சார் அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் கொடுத்தார். நம் தொழிலில் நான் பார்த்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

இதெல்லாம் கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் பேச்சு என்று யாராவது சொன்னால், உலக வாலிபால் சம்மேளனம் 2023இல் கொண்டுவந்த பச்சை அட்டையைப் பற்றிச் சொல். ரெஃபரி கவனிக்காத டச்சைத் தானே ஒப்புக்கொள்கிற வீரருக்குக் காட்டுகிற அட்டை அது. கேமரா இருக்கிற இடத்திலேயே அது தேவைப்பட்டிருக்கிறது.

அம்பயர் விஷயத்துக்கு வருகிறேன். வாலிபால் விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: ரெஃபரியிடம் விளக்கம் கேட்கிற உரிமை ஆட்டத்தின் கேப்டனுக்கு மட்டும்தான், பயிற்சியாளருக்குக்கூட இல்லை. அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டு. "சார், அந்த பால் எதனால் எங்களுக்கு இல்லை?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்கக் கேப்டனைப் பழக்கு. பதில் பிடிக்கவில்லை என்றாலும் "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வர வேண்டும். நீ எகிறினால் ரெட் கார்டு வரும், ரெட் கார்டு என்றால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட்டும் சர்வீஸும். உன் கோபத்துக்கு விலை கொடுப்பது அந்த ஆறு பிள்ளைகள். இன்னொன்றையும் யோசித்துப் பார். இன்றைக்கு ஸ்டாண்டில் நிற்கிற சாரின் அணிக்கு நாளைக்கு நீ விசில் ஊத வேண்டியிருக்கும். போட்டி போடுகிற பள்ளிகளின் ஆசிரியர்களே நடுவர்களாகவும் இருக்கிற ஏற்பாடு இது. நம்பிக்கை போய்விட்டால் குறுவட்டமே நடக்காது.

நம் தொழில் எங்கிருந்து வந்தது என்பதும் உனக்கு நினைவிருக்கட்டும். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊரில் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த வில்லியம் மார்கன் உண்டாக்கிய ஆட்டம் இது. 1920இல் அதே ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஹாரி குரோ பக் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென்று கல்லூரி தொடங்கினார். அவர் பயிற்றுவித்து அனுப்பியது ஆசிரியர்களை. உன் நியமன உத்தரவிலும் ஆசிரியர் என்றுதான் இருக்கிறது.

பெரியவர் எடுக்கிற முடிவைப் பிள்ளைகள் எப்படிச் சுமக்கிறார்கள் என்பதற்கு உனக்கு ஒரு பேஸ்பால் கதை சொல்ல வேண்டும். நம் பக்கம் அந்த ஆட்டம் பார்ப்பதே அபூர்வம். ஆனால் பள்ளிக்கூடப் போட்டி என்றால் என்ன என்பதற்கு ஜப்பானின் கோஷியன் போல வேறு இடம் இல்லை. 1915இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளிகளின் கோடைக்கால பேஸ்பால் போட்டி அது. நாடு முழுக்க 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளூர்ப் போட்டிகளில் மோதி, கடைசியில் 49 அணிகள் கோஷியன் மைதானத்துக்கு வரும். எல்லாம் நாக் அவுட். மேட்ச் தொடங்கும்போதும் முடியும்போதும் இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையில் நின்று தலை குனிந்து வணங்கும். ஜெயித்த பள்ளியின் பாட்டு பாடப்படும். தோற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பைகளில் அள்ளி எடுத்துப் போவார்கள்.

அங்கே 1992 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது இது. செய்ரியோ பள்ளியின் ஹிதேகி மட்சுயி நாடே பார்த்துக்கொண்டிருந்த அதிரடி ஆட்டக்காரன். எதிரே மெய்தோகு கிஜுகு பள்ளி. பேஸ்பாலில் அடிக்க முடியாத இடத்தில் நான்கு பந்து வீசினால் அடிக்க நிற்பவர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்துபோவார். மெய்தோகு பள்ளியின் பயிற்சியாளர் ஷிரோ மபுச்சி சொன்னபடி மட்சுயி வந்த ஐந்து முறையும் அப்படியே வீசினார்கள். அவனுக்கு மட்டையைச் சுழற்ற ஒரு பந்துகூட கிடைக்கவில்லை. மட்சுயி முகத்தில் எதையும் காட்டாமல் ஒவ்வொரு முறையும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்குப் போனான். செய்ரியோ 3-2 என்று தோற்றது. கூட்டம் கையில் கிடைத்ததை எல்லாம் மைதானத்துக்குள் எறிந்தது. ஜெயித்த பள்ளியின் பாட்டு ஒலித்தபோது "வீட்டுக்குப் போ" என்ற கூச்சல்தான் கேட்டது. அடுத்த மேட்சில் மெய்தோகு தோற்றுப்போனது.

விதிப்படி அதில் தப்பில்லை. இன்றைக்கும் அதைப் பற்றி அங்கே வாதம் ஓயவில்லை. என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். முடிவை எடுத்தது பெரிய மனிதர். ஆயிரக்கணக்கான பேர் நடுவே நின்று வசவு வாங்கியது பந்து வீசிய பையனும் அவன் கூட்டாளிகளும். ஒரு பள்ளிப் பிள்ளை வருஷக்கணக்கில் சுமக்கப்போகிற முடிவை வாத்தியார் பாயிண்ட்டுக்காக எடுக்கக்கூடாது. வசை பாடிய கூட்டத்தையும் நான் நல்லவர்கள் பக்கம் சேர்க்க மாட்டேன். பையன்கள் மீது குப்பையை எறிவதை நேர்மை பற்றிய கோபம் என்று எப்படிச் சொல்வது? மட்சுயிக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. 2009இல் நியூயார்க் யாங்கீஸ் அமெரிக்காவின் இறுதித் தொடரை ஜெயித்தபோது அதன் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது.

நம் கோர்ட்டில் இதற்கு ஒப்பான கேள்விகள் தினமும் வரும். எதிரணியில் சரியாக எடுக்கத் தெரியாத பிள்ளைக்கே சர்வீஸ் போடுவது சரியா? சரிதான், அது ஆட்டம். அவள் ஒவ்வொரு முறை விடும்போதும் உன் பெஞ்ச் கை கொட்டிச் சிரிப்பது ஆட்டம் இல்லை. உடனே நிறுத்து. இருபது பாயிண்ட் வித்தியாசத்தில் போய்க்கொண்டிருக்கிறதா, பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளை இறக்கு. ஜெர்சி போட்டும் ஒரு பாயிண்ட்கூட ஆடாமல் வீடு திரும்புகிற பிள்ளை அம்மாவிடம் என்ன சொல்வாள் என்று யோசி. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து அணி ஒன்று பஸ் தவறி தாமதமாக வருகிறதா, வாக் ஓவர் கேட்க விதி இடம் கொடுக்கும். நீ கேட்காதே. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வருஷத்தில் அது ஒன்றே மேட்சாக இருக்கும். போட்டி உன் பள்ளியிலேயே நடந்தால், வெளியூர் அணிக்குக் கோர்ட்டில் பழக நேரம் கொடு. கரிசல் மண்ணில் போட்ட கோர்ட் வெயிலில் வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் கால் இடறும் என்பது உன் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. முடிந்தால் செம்மண் அடித்துத் தண்ணீர் தெளித்துவிடு.

வயசு விஷயத்தில் கண்டிப்பாக இரு. 14, 17, 19 என்று பிரிவு வைத்திருக்கிறார்கள். விளையாட்டுச் சான்றிதழுக்குக் கல்லூரியில் இடம் உண்டு, அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதனால் பிறந்த தேதியில் கை வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள், பிள்ளையின் நன்மைக்குத்தான் என்றும் சொல்வார்கள். 2001இல் அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் போட்டியில் டேனி அல்மோன்டே என்ற பையன் எதிரணியில் ஒருவரையும் பேஸ் தொட விடாமல் ஒரு முழு மேட்ச் வீசினான். ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கொஞ்ச நாளில் உண்மை தெரிந்தது: 12 வயசுக்காரர்கள் ஆடுகிற போட்டியில் அவனுக்கு 14. பொய்யான பிறப்புச் சான்றிதழை ஏற்பாடு செய்தது தகப்பனார். அணியின் எல்லா வெற்றிகளும் அழிக்கப்பட்டன. கூட ஆடிய, சரியான வயசுள்ள பிள்ளைகளின் உழைப்பும் அதோடு போயிற்று. அந்தப் பையனுக்கு நிஜமான திறமை இருந்தது, அதைக்கூட யாரும் நம்பாதபடி பெரியவர்கள் செய்துவிட்டார்கள். தகுதிப் படிவத்தைத் தலைமையாசிரியரிடம் கையெழுத்துக்கு நீட்டுகிறவன் நீ. பள்ளிப் பதிவேட்டைப் பார்க்காமல் நீட்டாதே.

இனிச் சொல்லப்போவது நம் ஊருக்கே உரியது. குறுவட்டம், வருவாய் மாவட்டம் எல்லாம் நடக்கிற மாதங்கள்தான் சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு வேலை உச்சத்தில் இருக்கிற மாதங்கள். விடியக்காலையில் வேன் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். பொழுது சாய்ந்துதான் திரும்புவாள், வெடிமருந்து ஒட்டிய கையோடு. கூலி செய்கிற அளவுக்கு. அதுவரைக்கும் வீட்டில் தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் உன் அணியில் இருக்கிற அந்தப் பிள்ளைதான். இரண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை என்று பெயரை அடித்துவிடாதே. ஏன் வரவில்லை என்று கேள். ஐந்தரைக்கு மேல் யாரையும் நிறுத்தி வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய் அம்மாவிடம் பேசு, எந்த நாள் எந்த ஊர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல். நேர்மையாக ஆடச் சொல்கிற நீ அணியைத் தேர்வு செய்வதில் அதைக் காட்டாவிட்டால் பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள்.

இந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் பலர் இதே வயசில் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தவர்கள். குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கு சிவகாசியை வைத்துத்தான் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: விதியை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று. நாலு மணிக்கு மைதானத்தில் ஒரு பெண்பிள்ளை பந்தோடு நிற்பதற்குப் பின்னால் அவ்வளவு போராட்டம் இருக்கிறது.

விதி என்றால் என்ன என்பதும் இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் அந்தக் கணக்கு சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பார்த்தோம். குறைந்தது 38 பேர் செத்துப்போனார்கள். அன்றைக்கு ஆசிரியர் தினம். கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் விதியை மதிக்கிற பழக்கம் நம் வட்டாரத்தில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ரெஃபரி பார்க்காத டச்சுக்குக் கை தூக்கிப் பழகியவள் நாளைக்கு ஒரு ஆலையில் சூப்பர்வைசராகப் போகலாம், ஆய்வுக்கு வருகிற அதிகாரியாகவும் ஆகலாம். நான் அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருஷம் மைதானத்தில் நின்றேன்.

ஜெர்சி, ஷூ எல்லாம் வாங்கித் தர நம் ஊரில் ஆள் உண்டு. அச்சகம், காலண்டர், நோட்டுப்புத்தகத் தொழில் செய்கிற அண்ணாச்சிமார் கேட்டால் மறுக்க மாட்டார்கள். நன்றியோடு வாங்கிக்கொள். ஆனால் கப்போடு வர வேண்டும் என்ற பேச்சு வந்தால், அதைப் பிள்ளைகள் காதில் விழாமல் நீயே கேட்டு வைத்துக்கொள். போட்டி அன்று யாரும் உன் பெஞ்சுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்ல இடம் கொடுக்காதே.

கடைசியாகத் தோல்வி. குறுவட்டத்தில் பத்து அணி வந்தால் ஒன்பது அணி தோற்றுத்தான் திரும்பும். ஆகவே தோற்பது எப்படி என்பதைத்தான் நீ அதிகம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அழுதால் அழட்டும், தடுக்காதே. பஸ்ஸில் யாருடைய தப்பு என்ற பேச்சை மட்டும் எடுக்க விடாதே. வழியில் இறங்கி எல்லாருக்கும் பரோட்டாவோ தோசையோ வாங்கிக் கொடு. மறுநாள் காலையில் அவர்களுக்கு முன்னால் நீ மைதானத்தில் இரு.

இன்றைக்கு உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேட்ச் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் ரெஃபரிக்கு நன்றி சொல்லி ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நாளைய பயிற்சி மேட்சிலிருந்தே அதை நடத்து. ஒரு மேஜை போடு, ஸ்கோர் ஷீட் வை, பேனா வை. தோற்ற பக்கத்துக் கேப்டன் முதலில் போய்க் கையெழுத்துப் போடட்டும். போன வருஷம் பாதியில் விட்டு வந்த அணியின் பெயர் இந்த வருஷம் முழுதாக முடிந்த ஸ்கோர் ஷீட்டில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பி.இ.டி. சார்